ஜெபிக்க மறந்த என் வீட்டுக்காரர்

அன்பானவர்களே, நான் ஜெலாப்பாங்கில் இருக்கும் மரியாள். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் வீட்டுச் சாவி, பிறகு பிள்ளைகளின் பெயர். போனது திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணச் சொன்னேன். "யார்கிட்ட?" என்று கேட்டார்.

சபையில் முன்வரிசையில் நின்று கைதட்டிப் பாடிய மனிதர் அவர். இப்போது சாமுவேல் என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருப்பார். ஞானஸ்நானத்துக்கு முன் இருந்த பெயரைச் சொல்லி, சுப்பையா என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

சபையில் ஒரு அக்கா, "முடிவு வரைக்கும் விசுவாசத்துல நிக்கணுமே லா. பாவம், அண்ணனுக்கு என்ன ஆவுமோ," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். என் தூக்கம் போயிற்று. ஆண்டவரையே மறந்தவர் இரட்சிப்பை இழந்துவிடுவாரா? நான் பரலோகம் போய்த் தேடும்போது இவர் அங்கே இல்லாவிட்டால்?

பயம் என்னைக் கொடுமைக்காரியாக்கிவிட்டது. காலையில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "இயேசு என் இரட்சகர்னு சொல்லுங்க, தாரேன்," என்பேன். கிளிப்பிள்ளை மாதிரி சொல்வார். கொஞ்ச நேரத்தில் அதுவும் மறந்துபோகும். மறுபடி சொல்ல வைப்பேன். ஒருநாள் அழுதேவிட்டார். மறுநாளும் நான் விடவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் மத்தியானம், துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். சந்து சந்தாக ஓடினேன். பெரிய ரோட்டில் லோரிகள் பறக்கின்றன. நடுரோட்டில் நின்று, "ஆண்டவரே, அவர் உம்மை விட்டுட்டார், நீர் அவரை விட்டுடாதேயும்" என்று கத்தினேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தனார் முருகேசுவிடமிருந்து போன். அவர்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இப்போது வரிசை வரிசையாக வீடு கட்டித் தாமானாகிவிட்டது. கொழுந்தனார் அங்கேதான் குடியிருக்கிறார்.

"பயப்படாதீங்க அண்ணி. அண்ணன் இங்க தோட்டத்துக் கோயில்லதான் இருக்காரு. தோட்டத்துக்குப் போவணும்னு கேட்டிருக்காரு, யாரோ மோட்டார்ல ஏத்திக்கிட்டு வந்து விட்டுட்டாங்க."

போன உயிர் வந்தது. கோயில் என்றதும் மறுபடி போயிற்று. கிரேப் வாடகைக் கார் பிடித்துப் போனேன்.

முனியாண்டி கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு. முருகேசு சங்கடத்தோடு, "நாங்க யாரும் பூசல அண்ணி. அவரே பூசிக்கிட்டாரு," என்றார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"யாரும்மா நீங்க?"

"ஒங்க பொண்டாட்டி."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலையே."

முருகேசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்களுக்கு ஆவலன்னா போவுது. எனக்கு ஆயிருச்சு. வாங்க, வீட்டுக்குப் போலாம்." கையைப் பிடித்தேன். சின்னப்பிள்ளை மாதிரி கூடவே வந்தார்.

காரில் வரும்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. இவர் மறந்துவிட்டார் என்பதற்காக எங்கள் கல்யாணம் இல்லையென்று ஆகிவிடுமா? முன்கோபக்காரி நானே இவரை விடவில்லையே. இவருக்காக இரத்தம் சிந்தியவர் விட்டுவிடுவாரா? நடுரோட்டில் நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. சிரித்தேன், அழுதேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அன்றிலிருந்து அவரை எதையும் சொல்லச் சொல்வதில்லை. அவருக்கும் சேர்த்து நானே ஜெபிக்கிறேன். இரட்சிப்பை இழக்க முடியுமா முடியாதா என்று படித்தவர்கள் வாதாடட்டும். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. இவர் முகத்தைப் பார்த்தால் சில நேரம் பழைய பயம் இன்னும் எட்டிப் பார்க்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அவரை மிரட்டாதீர்கள், ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள். நம்முடைய பிடி ஒருநாள் தளரத்தான் செய்யும். அவர் பிடி தளராது. நான் பயந்துகொண்டேதான் இதை நம்புகிறேன். நீங்களும் பயத்தோடேயே வந்து நம்புங்கள்.