தூங்குகிற செல்லை எழுப்பச் சொன்ன செக்கர்

செக்கர் என்றால் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பார்க்கிறவர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. சம்பந்தி வீட்டில்கூட அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். உடம்பில் பதினொரு வருடமாக எச்.ஐ.வி. தினமும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சிக்கு மூன்று குப்பி ரத்தம். ஆள் என்னவோ கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தார். ஆனால் பேத்தி பிறந்து பதினெட்டு நாளாகியும் தொடவில்லை. கதவோரம் நின்று கண்ணாலேயே கொஞ்சிவிட்டு நழுவிவிடுவார். தூக்கினால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னது காதில் ஏறியது, கைக்கு இறங்கவில்லை.

அன்றைக்கு ரத்தம் கொடுக்கப் போனவரை ஆய்வுக்கூடத்து அம்மா கம்ப்யூட்டர் திரை முன் உட்கார வைத்தார்.

"இது உங்க ரத்தம்தான் சார். பச்சையாவும் நீலமாவும் இருக்கிறது வைரஸ் புகுந்த செல். குட்டியா ஓடுறது உங்க காவல்கார செல்."

காவல்கார செல் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்துக்கொண்டே போனது.

"என்னம்மா தேடுறான்?"

"உள்ள வைரஸ் இருந்தா அதோட துணுக்கு ஒண்ணு செல்லுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். கண்டுட்டா ஒட்டிக்கிட்டு, ஓட்டை போட்டு, சாக வைக்கிற சரக்கை உள்ள இறக்கிருவான்."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு பச்சை குமிழ் குமிழாகச் சிதைந்தது. செக்கர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நம்ம டிபார்ட்மெண்ட்டு ஆளு."

திடீரென்று முகம் கடுகடுத்தது. மூலையில் நீலமாக ஒன்று. காவல்காரன் அதை உரசிவிட்டுப் பேசாமல் போய்விட்டான்.

"ஏம்மா, அவனை விட்டுட்டான் பாரு."

"அதுக்குள்ள வைரஸ் தூங்குது சார். வெளிய எதையும் காட்டாது."

"தூங்கல, நடிக்கிறான். என் பஸ்ல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். தோளைத் தட்டி எழுப்பச் சொல்லு." திரையில் அவரே தட்டினார்.

"எழுப்பத்தான் சார் நாங்களும் மருந்து தேடுறோம். அதுவரைக்கும் அவன் முழிச்சாலும் மாத்திரை பெருக விடாது."

செக்கரின் குரல் இறங்கியது. "இந்தக் களவாணி முழிச்சு எம் பேத்திகிட்ட போயிட்டா?"

"நீங்க தூக்குறதால அங்க போகவே முடியாது சார். அந்த ரூட்ல பஸ்ஸே கிடையாது."

செக்கர் யோசித்தார். "ஸ்பெஷல் பஸ்ஸு?"

"கிடையாது."

"லாரி?"

"லாரியும் கிடையாது. வீட்டுக்குப் போங்க சார்."

போனார். மகளிடம் போய் இரண்டு கையையும் நீட்டினார்.

"அப்பா, பாப்பாவுக்குப் பால் குடுக்கணும், தாங்க."

"இப்பத்தானே வாங்கினேன்."

"ரெண்டு மணி நேரமாச்சு. கை மரத்துப்போயிருக்கும்ப்பா."

"மரத்துப்போச்சு. அதான் கனமே தெரியல," என்றார் செக்கர், அசையாமல்.