எதிர்ப்பக்கம் கதைத்த சனிக்கிழமை

நாங்கள் குடியேறிய பாடன் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் ஒரு பழைய விடுதியின் கீழ்மாடியில் நடந்தது. அந்தக் கோடையில் மேல்மாடிக்குச் சில கிழமைகள் இளம் யூத ஆசிரியர்கள் வந்து தங்கினார்கள். ஆளுக்கொரு நாடு. இன்னும் நன்றாகப் படிப்பிக்கப் பழகவென்று உதவித்தொகை கிடைத்து வந்தவர்கள். எனக்கு அது முதலில் தெரியாது. தெரிந்ததெல்லாம் மேலே யாரோ தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்பதுதான்.

எனக்கு வந்ததே கோபம்! விறுவிறுவென்று படியேறினேன். சின்னத் தொப்பி வைத்த பெடியன் ஒருவனும் சுருட்டைமுடிக்காரி ஒருத்தியும் ஒரே புத்தகத்தை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு மேசையில் தட்டித் தட்டி மல்லுக்கட்டினார்கள். "கீழே பிள்ளைகள் படிக்கிறார்கள், சண்டையை வெளியே போய்ப் பிடிக்க முடியாதா?" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டேன். இரண்டு பேரும் முழித்தார்கள். பிறகு அவள் சிரித்துவிட்டு டொச்சிலேயே சொன்னாள்.

"நாங்களும் படிக்கத்தான் செய்கிறோம்."

அவர்களுடைய வழக்கம் அப்படியாம். இரண்டு இரண்டு பேராக இருந்து படிப்பார்கள். ஒருவர் சொன்னதில் மற்றவர் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். உடனே தலையாட்டுகிற சோடியால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றாள். அவ்வளவு நேரம் கத்திய பெடியன் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். நான் இறங்கி வந்தேன். என் வகுப்பில் "வணக்கம் ரீச்சர்" சொன்னபிறகு ஒரு பிள்ளை வாய் திறக்காது. அதை நான் ஒழுக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவர்கள் மேல் எனக்கு ஒரு கண். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். எழுதமாட்டார்கள், ரயில் ஏறமாட்டார்கள், கைத்தொலைபேசியும் தொடமாட்டார்கள். என் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டு நம்ப முடியவில்லை.

"ரீச்சர், ஹன்டியைத் தொடவே மாட்டினமோ?"

"தொடமாட்டினமாம்."

"ஐயோ, நான் எண்டால் செத்துப் போயிடுவன்!"

சிரித்தேன். ஆனால் அந்த நாட்களில் என் மனம் சரியில்லை. அந்த வகுப்பில்தான் என் மகளும் இருந்தாள். பதினைந்து வயது. விடுமுறைக்குப் பிறகு தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் கத்த, அவள் கதவை அடித்துச் சாத்த, வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. ரீச்சரின் பிள்ளையே நின்றுவிட்டாள் என்று நாலு பேர் கதைப்பார்கள், அது வேறு. அவள் வகுப்பை மட்டுமில்லை, என்னையே விட்டுப் போகிறாள் என்று எனக்குப் பட்டது.

அவர்கள் புறப்படுவதற்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை எங்களையும் மேலே கூப்பிட்டார்கள். பேனை இல்லை, தாள் இல்லை. வட்டமாக இருந்து, இங்கே வந்து என்ன கண்டோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

சுருட்டைமுடிக்காரி சொன்னாள்: "என் வகுப்பில் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துத்தான் விடை சொல்வார்கள். இங்கே நான் நாளும் எல்லோர் முன்னாலும் தோற்றேன். இனி அவர்கள் முன்னாலும் தோற்றுப் பார்க்கப்போகிறேன்."

தொப்பிக்காரன் எழும்பி, "பாடத்திட்டம் கொண்டுபோகலாம் என்று வந்தேன். இவள் 'இல்லை, இல்லை' என்கிற சத்தத்தைத்தான் கொண்டுபோகிறேன்" என்றான்.

என்ன துணிவு! எங்கள் ஆசிரியர் கூட்டங்களில் பரிசளிப்பு விழாவுக்கு எந்த மண்டபம் என்றுதான் அடிபடுவோம். எனக்குத் தெரியாது, நான் தோற்றேன் என்று ஒருவர் வாயிலும் வராது. என் வாயிலும் வந்ததில்லை. அந்தப் பிள்ளைகளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

பிறகு எங்கள் பிள்ளைகளையும் தங்களைப் போல இரண்டு இரண்டு பேராக வாதாடிப் பார்க்கச் சொன்னார்கள். எதைப் பற்றி என்று கேட்டதும் என் மகள் பட்டென்று சொன்னாள்.

"தமிழ் வகுப்பு வேணுமோ வேண்டாமோ?"

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. சுருட்டைமுடிக்காரி கைதட்டினாள். நல்ல கேள்வி, ஆனால் நீங்கள் நம்பாத பக்கத்தைத்தான் பேசவேண்டும், உங்கள் மொழியிலேயே பேசுங்கள் என்றாள். பிள்ளைகள் சோடி சேர்ந்தார்கள். என் மகள் மிஞ்சினாள்.

"அம்மா, நீங்கள் வாங்கோ."

அவளுடைய பக்கத்தை நான் பேசவேண்டும். தொடங்கினேன். "கிழமை முழுக்க டொச், பிரெஞ்ச், இங்கிலிஷ். சனிக்கிழமை பெட்டையள் எல்லாரும் ஆத்தில நீந்தேக்க நான் மட்டும் இங்க. வீட்டிலயும் அம்மா, இங்கயும் அம்மா. பிழை விட்டால் ரெண்டு இடத்திலயும் பேச்சு." சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு முட்டியது. பாவம் பிள்ளை, எவ்வளவு களைத்திருப்பாள்!

இப்போது அவள் முறை. தமிழ் வகுப்பு வேண்டும் என்று அவள் பேசவேண்டும்.

"கிழமை நாளில நீங்கள் வேலை செய்யிற முதியோர் இல்லத்துக்கு ஒருக்கா வந்தன் எல்லோ. அங்க நீங்கள் டொச்சில மெதுவாக் கதைக்கிறியள். பகிடி விட்டுச் சிரிக்கேல்லை. ஒருத்தி உங்களை ஏதோ ஏசினவ, நீங்கள் திருப்பி ஒண்டும் சொல்லேல்லை. வேற ஆரோ மாதிரி நிண்டனீங்கள். தமிழிலதான் நீங்கள் கத்துவியள், சிரிப்பியள். நான் இதை விட்டால், போகப்போக எனக்கு அந்த வேலையிடத்து அம்மா மட்டும்தான் மிஞ்சுவா."

நம்பாத பக்கத்தைப் பேசுவதுதான் விதி. அது எனக்கு மறந்தே போனது. எல்லோர் முன்னாலும் அழுதேன். ஒரு சொல்லும் விளங்காத சுருட்டைமுடிக்காரி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். யார் வென்றது என்று கேட்டாள்.

"இவள்" என்றேன்.

"இல்லை, அம்மாதான்" என்றாள் மகள்.

வீட்டுக்குப் போகும் வழியில், "விருப்பமில்லை எண்டால் நிப்பாட்டு பிள்ளை" என்றேன். நிப்பாட்டினாள். மனம் மாறி வருவாள் என்ற நினைப்பு எனக்கு இல்லாமலில்லை. விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. கேட்ட பெற்றோருக்கு, "ஓம், நிண்டிட்டாள்" என்று நிமிர்ந்தே சொன்னேன். ஆனால் வகுப்பு முடியும்வரை என் கண் அந்தக் கதிரைக்கே போய்க்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருக்க, ஆற்றிலிருந்து ஈரத் தலையோடு வந்து குசினிக் கதிரையில் இருந்தாள்.

"அம்மா, அண்டைக்கு என்ர பக்கத்தை நீங்கள் வடிவாக் கதைக்கேல்லை. முக்கியமான ஒண்டை விட்டிட்டியள்."

அடுப்பை நிறுத்திவிட்டு எதிரே இருந்தேன்.

"சொல்லு."

சொல்லத் தொடங்கினாள். பாதி டொச், மீதி பிழைத் தமிழ். நான் ஒன்றையும் திருத்தவில்லை.