காட்டெருமைக்குப் பயந்து போட்ட பூட்டு

நாகலூர் அருகே காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். பழம் பறிக்கும் காலத்தில், காட்டெருமைக்குப் பயந்து, பிள்ளைகளை எல்லாம் ஒரே வீட்டில் விட்டு வெளியிலிருந்து பூட்டிவிடுவோம். என் ஓரகத்தியின் பதின்மூன்று வயது மகன் பார்த்துக்கொள்வான்.

போன பறிப்பில் என் ஏழு வயது மகள், "நானும் வர்றேம்மா" என்று தினமும் சேலையைப் பிடித்து அழுதாள். அடம் என்று திட்டி, உள்ளே தள்ளிப் பூட்டினேன்.

ஒருநாள் மழையால் சீக்கிரமே திரும்பினேன். பூட்டைத் திறந்ததும் மற்ற பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவள் மட்டும் கதவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள்.

"என்ன கண்ணு?"

"அண்ணன் தொடக்கூடாத எடத்துல தொடறான். சொன்னா நீ என்னய அடிப்பியாம்."

அவளை அணைத்துக்கொண்டு, "உம்மேல தப்பே இல்ல சாமி. சொன்னது நொம்ப நல்லது" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஓரகத்தியோ, "சின்னப் பசங்க வெளையாட்டு. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்" என்றார்.

"இல்லீங்க்கா, ரெண்டு பேருமே கொழந்தைங்க. ரெண்டு பேருக்குமே உதவி வேணுமுங்க" என்று சொல்லி, அன்றே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினேன். அவனை யாரும் அடிக்க விடவில்லை. பிள்ளைகளோடு தனியே விடவுமில்லை.

இப்போது தாய்மார்கள் நாங்கள் முறை வைத்து, தினம் ஒருவர் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளோடு இருக்கிறோம். மகள் எங்காவது போக மாட்டேன் என்றால், ஏன் என்று கேட்கிறேன்.

காட்டெருமை இதுவரை எங்கள் வாசலுக்கு வந்ததே இல்லை.