அச்சறையில் திறந்த பழைய இதயம்

அந்த அச்சகத்தில் அவளை எல்லோரும் வயர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லா மாடிக்கும் வயர் இழுத்து, ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத கணினிகளைப் பேச வைத்தவள். வீட்டில் ஃபேன் முனகினாலும் அவள்தான் ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டூலில் ஏறுவாள். கணவர் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். "எங்க வீட்ல நான் அசிஸ்டன்ட்" என்று அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

கணவரின் தங்கையும் அதே அச்சகத்தில்தான் பக்கம் வடிவமைக்கிறாள். வேலையில் கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. வேலை வாங்கிக் கொடுத்தவள் அண்ணி என்பதால், நாத்தனார் யாரோடு முறைத்துக்கொண்டாலும் பஞ்சாயத்து வயர் அக்காவிடம்தான் வரும்.

அன்று வந்தது பெரிய பஞ்சாயத்து. பள்ளி அறிவியல் புத்தகத்தின் போன பதிப்பில் இதயப் படம் இடம் வலம் மாறி அச்சாகி, அச்சகத்தின் மானம் கப்பலேறியிருந்தது. இந்த முறை நாத்தனார் படத்தைத் திருத்திச் சர்வரில் வைத்தாள். அச்சறைக்காரர்கள் தேடி அலையக் கூடாது என்று 'இறுதி' என்ற பெயரில் அந்தப் பக்கங்களுக்கு ஒரு லிங்க்கும் போட்டாள். அச்சறை ஃபோர்மேன் தன் கணினியிலிருந்து அதைத் திறந்தார். வந்தது அதே பழைய இதயம்.

முதலாளி கொதித்துப் போனார். "ஒரு வாரமா கதை விட்டுட்டு இருந்தியா? நீ வீட்டுக்குப் போயிடும்மா."

"திருத்திட்டேன் சார்! சர்வர்லயே உக்காந்து திறந்து பார்த்தேன்."

"அப்போ என் கண்ணுதான் அவிஞ்சு போச்சா?" என்றார் ஃபோர்மேன்.

நாத்தனாரின் குரல் உடைந்தது. "அண்ணி, நீங்களாவது நம்புறீங்களா?"

"நீ சொல்றதும் நிஜம், அவர் சொல்றதும் நிஜம். அழுது வைக்காம வா."

வயர் அக்கா அச்சறைக் கணினியில் உட்கார்ந்தாள். லிங்க்கைத் திறக்கவில்லை, அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சர்வரைக் கேட்டாள். '/பக்கங்கள்/அறிவியல்' என்று திரையில் ஒரே வரி வந்தது. சிரித்துவிட்டாள்.

"லிங்க்ங்கிறது விலாசம் எழுதின துண்டுச் சீட்டு சார். கேட்டா சர்வர் சீட்டை அப்படியே நீட்டிடும். தேடிப் போறது கேட்டவங்க பாடு. 'வாசல்ல நுழைஞ்சு மாடியில முதல் ரூம்'னு இவ எழுதிட்டா, யார் வீடுன்னு எழுதல. நம்ம ஃபோர்மேன் அவர் வீட்டு வாசல்ல நுழைஞ்சு, அவர் வீட்டு மாடியில ஏறிட்டார்."

"என் வீட்டு மாடியில என்ன இருந்துச்சாம்?"

"போன வருஷம் பத்திரமா இருக்கட்டும்னு உங்க கம்ப்யூட்டர்ல இதே பேர்ல, இதே இடத்துல ஒரு காப்பி போட்டீங்களே, அதுதான். அது இல்லேன்னா 'கிடைக்கல'ன்னு சொல்லியிருக்கும், சண்டையே வந்திருக்காது."

ஃபோர்மேன் காதைச் சொறிந்தார். நாத்தனார் "பாத்தீங்களா!" என்று துள்ளினாள்.

"நீயும் ரொம்பத் துள்ளாதே. சர்வர்ல உக்காந்து திறந்தா திறக்கத்தான் செய்யும். அதுக்கு அதுதானே சொந்த வீடு? சீட்டைப் படிக்கப் போறவங்க இடத்துல வந்து பார்க்க வேணாமா?"

பேசிக்கொண்டே பழைய லிங்க்கை அழித்துப் புதிதாக ஒன்று போட்டாள். இம்முறை வாசலிலிருந்து வழி சொல்லவில்லை. சீட்டு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்து அறை என்று மட்டும் எழுதினாள். யார் எங்கிருந்து படித்தாலும் பக்கத்து அறை பக்கத்து அறைதான். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இப்போ நீங்களே திறங்க."

ஃபோர்மேன் திறந்தார். இடது இடதிலும் வலது வலதிலுமாகத் திருத்திய படம் வந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை பார்த்தார்.

"சரி, மெஷினை ஓட்டுங்க."

நாத்தனார் நகரவில்லை. "சார், என்னை வீட்டுக்குப் போகச் சொன்னீங்க."

"போயேன்" என்றார் முதலாளி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாயங்காலம், எல்லாரும் போகும்போது."