அக்காவின் இரண்டு இஞ்ச்

எங்கள் வீட்டில் சென்டிமீட்டருக்கு மரியாதையே கிடையாது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அதுதான். ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எல்லாமே இஞ்ச்தான். பெய்த மழை இஞ்ச், கட்டுகிற சுவர் ஒன்பது இஞ்ச். "ஒரு இஞ்ச் விடாம பெருக்குடி" என்று அம்மா என்னை விரட்டுவாள். அப்பா இங்கிலீஷ் வாத்தியார். ஒருவரைப் பிடித்துவிட்டால் "எவ்ரி இஞ்ச் எ ஜென்டில்மேன்" என்பார். பிடிக்காவிட்டால், "அவன்கிட்ட பேசாத, ஒரு இஞ்ச் நகர மாட்டான்." ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்து வந்த அன்றெல்லாம், "இன்னைக்கும் ஒரு இஞ்ச்ல தப்பிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே குடையை மாட்டுவார். மின்சார ரயிலில் "சார், ஒரு இஞ்ச் தள்ளி உக்காருங்க" என்று கெஞ்சியே முழு இடத்தையும் வாங்கிவிடுவார்.

அந்த இஞ்ச், அக்கா கல்யாணப் பேச்சில் எங்கள் உயிரை எடுத்தது.

அக்கா ஐந்தடி எட்டு அங்குலம். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் சர்ச் சபையில் அந்த உயரத்தில் பெண் யாரும் இல்லை, ஆண்களே கொஞ்சம்தான். கீரைக்கார அம்மா கூடையை இறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "இன்னாம்மா, பொண்ணு வளந்துகினே கீது! தண்ணி ஊத்தறத நிறுத்தும்மா." அக்கா சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வரன் கொண்டுவருவது ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி. படிப்பு, குணம் எல்லாம் அப்புறம்தான், முதல் கேள்வி "பொண்ணு ஹைட் என்ன?" ஐந்து எட்டு என்றதும் இரண்டு இடம் சத்தமில்லாமல் கைநழுவிப் போயிற்று. அக்காவுக்கு இருபத்தாறு. அம்மா தூக்கத்தில்கூடப் பெருமூச்சு விட ஆரம்பித்தாள். மூன்றாவதாக ஒரு இடம் வந்தது. பையனுக்குக் கிண்டியில் ஆபீஸ் வேலை, ஐந்து ஏழு. இந்த இடமும் போனால் அவ்வளவுதான் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள்.

ஐயரம்மா ஹைட் கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். கடைக்காரன் துணியை ஒரு இஞ்ச் குறைத்து வெட்டினால்கூட நியாயம் கேட்டுத் திரும்பப் போகிற மனிதர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "அஞ்சு ஆறு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

அப்புறம் ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை. கொண்டையைத் தாழ்த்திப் போடு. செருப்பு வேண்டாம். புடவைக்குள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நட. "ஆறு மாசம் போனா யார் அளக்கப் போறா?" என்பாள் அம்மா. கடைசியில் அம்மாவே ஒரு நல்ல யோசனை கண்டுபிடித்தாள். அவர்கள் வருவதற்கு முன்பே அக்கா தணிந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும், காபியை நான் கொண்டுபோக வேண்டும், அவர்கள் கிளம்பும்வரை அக்கா எழுந்திருக்கவே கூடாது. எல்லாம் பக்கா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் ஷூவைக் கழற்றினார். அப்போது வந்த ஃபேஷன், குதிகால் செங்கல் மாதிரி இருந்தது. அவர்கள் சொன்ன ஐந்து ஏழில் பாதி வாசலிலேயே நின்றுவிட்டது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காபி ஆயிற்று. கேக் ஆயிற்று. எல்லோருக்கும் அக்காவைப் பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம். எல்லாரும் எழுந்து நிக்கலாம், ஒரு சின்ன ஜெபம் பண்ணிடுவோம்."

ஐயோ! ஒரு வாரம் மண்டையைக் குடைந்து திட்டம் போட்டோமே, ஜெபம் எங்கள் ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை. எந்தக் காரியத்தையும் ஜெபத்தில் முடிக்கிற குடும்பம் நாங்கள்! அம்மா முகம் செத்துவிட்டது.

அக்கா முழங்காலை மடக்கியபடியே எழுந்து நின்றாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள், நான் மூடவில்லை. பெரியப்பா ஏதேன் தோட்டத்தில் ஆரம்பித்தார். நோவாவைத் தாண்டி, தேசத்தை ஆளும் தலைவர்களுக்காக, ஏரியில் தண்ணீர் இல்லாததற்காக, ஊரிலுள்ள நோயாளிகளுக்காக மன்றாடினார். அக்காவின் புடவைக் கொசுவம் நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை. எனக்கு அந்த மனிதரின் வாயைப் பொத்தலாம் போல ஆத்திரம்.

பெரியப்பா விதவைகளிடம் வந்தபோது அக்கா கண்ணைத் திறந்தாள். பல்லைக் கடித்தாள். அப்புறம் மெதுவாக, முழுசாக நிமிர்ந்து நின்றாள்.

"ஆமென்" என்று கண்ணைத் திறந்த மாப்பிள்ளை, அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

"எனக்கு அஞ்சு எட்டு" என்றாள் அக்கா. "வீட்ல தப்பா சொல்லிட்டாங்க, மன்னிச்சிடுங்க."

யாரும் சண்டை போடவில்லை. மறுநாள் ஐயரம்மா வந்து, "பொண்ணு தங்கமான பொண்ணுதான், ஆனா..." என்று இழுத்தார். அந்த 'ஆனா'வே போதுமாக இருந்தது.

அவர் தெரு திரும்புவதற்குள் அம்மா வெடித்துவிட்டாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் மடக்கி நின்னா உனக்கு என்னடி குறைஞ்சிடும்? வாசல் வரைக்கும் வந்த வாழ்க்கைய உதைச்சு அனுப்பிட்டியே!"

"அவளை எதுக்குத் திட்டற?" அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நிமிந்து நின்னது அவ தப்பா? பெத்த பொண்ணை ரெண்டு இஞ்ச் வெட்டிக் குடுத்தேன் பாரு, என்னைத் திட்டு."

இரண்டு இடம் தட்டிப்போனபோதும் கண் கலங்காத அக்கா, அப்போதுதான் உடைந்து அழுதாள். அப்பா குள்ளம். அவர் தோளில் முகத்தைப் புதைக்க, அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.