முறை வைத்துக் கொடுத்த டேப்லெட்

புயலில் எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடக் கூரை போய்விட்டது. பிள்ளைகள் படிப்பில்லாமல் கிடந்தபோது, சென்னையிலிருந்து ஒரு பெண் பாடம் சொல்லும் டேப்லெட்டுகளைக் கொண்டுவந்தாள். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தாள்.

“மீதிப் பிள்ளைங்க இன்னா பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டேன்.

“இது சோதனை, ஆயா. கெடைக்காத பசங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் பலன் தெரியும். மாத்திக் குடுத்தீங்கன்னா திருப்பி எடுத்துக்குவோம்.”

நாங்கள் ஏரியில் பாடு என்று முறை வைத்து மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள். இன்று ஒரு வீடு வலை போட்டால் நாளை அடுத்த வீடு, யாரையும் விடுவதில்லை. அவள் பஸ் ஏறியதும் டேப்லெட்டுக்கும் அப்படியே முறை வைத்தேன். ஊரும் ஒத்துக்கொண்டது.

அடுத்த தடவை வந்தவள் கண்டுபிடித்துவிட்டாள். சொன்னபடியே எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள்.

“பெரிய நாட்டாமை! உன்னாலதான் என் பொண்ணுக்குக் கெடைச்சதும் போச்சு” என்று பக்கத்து வீட்டு அஞ்சலை கத்தினாள். அவள் மகளுக்குச் சீட்டு விழுந்திருந்தது. கோபம் நியாயம்தான். ஆனாலும் நான் தலை குனியவில்லை.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். அண்ணனுடைய சிலேட்டைத் தள்ளி நின்று பார்த்தே வளர்ந்தவள் நான். நாளைக்கே மறுபடி கொண்டுவரட்டும். முறை வைத்துத்தான் கொடுப்பேன்.