புழுதிப் புயலும் தோடர் வீடும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. டில்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி கமலா, என் ஊரான ஊட்டிப் பக்கம் வீடுகள் எப்படி இருக்கும் என்று கேட்டாள். பஞ்சாபிப் பெண், டில்லியைத் தாண்டியதில்லை. வாயால் சொல்வானேன் என்று, நானும் என் கணவரும் அவளைப் பிரகதி மைதான் கண்காட்சித் திடலுக்குக் கூட்டிப்போனோம். பஸ்ஸில் அரை மணி நேரம்.

நாட்டின் பல மூலைகளிலுள்ள கிராம வீடுகளை அங்கே திறந்தவெளியில் கட்டிவைத்திருந்தார்கள். கட்ச் பகுதியின் வட்ட மண்வீட்டை ரசித்த கமலா, நீலகிரித் தோடர் வீட்டைக் கண்டதும் சிரித்துவிட்டாள். கவிழ்த்த அரைப் பீப்பாய் போன்ற வடிவம். தரைவரை இறங்கும் புல்கூரை. தவழ்ந்துதான் நுழையவேண்டிய வாசல்.

"அரே சரோஜா, இது வீடா, கோழிக் கூண்டா?" என்றாள் இந்தியில்.

எனக்குச் சுருக்கென்றது. நான் தோடர் இனமில்லை. அப்பாவுக்கு ஊட்டியில் உத்தியோகம், நான் அங்கே பிறந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் அது எங்கள் மலை வீடு.

பதில் சொல்வதற்குள் வானம் பழுப்பாகிவிட்டது. ஆந்தி! டில்லிக் கோடையின் புழுதிப் புயல். பக்கத்து வீடுகளின் அகலமான வாசல்களுக்குள் மண் சுழன்று புகுந்தது. கமலாவுக்கு ஆஸ்துமா உண்டு. இருமியவள் மூச்சுக்குத் திணறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தர் ஜாவோ! ஜல்தி!" என்று அங்கிருந்த காவலாளி தோடர் வீட்டைக் காட்டி, சீக்கிரம் உள்ளே போகச் சொல்லிக் கத்தினார்.

"சரோ, நீ முதல்ல போ. அவ கையைப் பிடிச்சு இழு," என்றார் கணவர்.

தவழ்ந்து நுழைந்து அவளை உள்ளே இழுத்தேன். பின்னால் வந்த கணவர் வாசல் பலகையை இழுத்துச் சாத்தினார். ஒரே இருட்டு. காற்றின் ஊளை எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் ஆனது. கமலாவின் நெஞ்சில் விசில் சத்தம். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்ல அந்தச் சத்தம் அடங்கியது.

"இங்கே தூசியே இல்லையே!" என்றாள்.

"நீலகிரிக் காத்துக்கும் மழைக்கும் கட்டின வீடு. உங்க ஆந்தி எம்மாத்திரம்?" என்றேன். இருட்டில் அவள் சிரித்தது கேட்டது.

அன்று மாலை குவார்ட்டர்ஸ் முழுக்க அவளேதான் சொல்லித் திரிந்தாள்: "சரோஜா ஊர் வீடுதான் என்னைக் காப்பாத்திச்சு!" நானே கட்டிய வீடுபோல நிமிர்ந்து நடந்தேன்.

இந்த வீடுகளைப் பார்க்கப் பிரகதி மைதானுக்குப் போகிறவர்களுக்கு: எந்தெந்த வீடுகள் இப்போது இருக்கின்றன, உள்ளே விடுவார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் நல்லது. ஆஸ்துமா இருந்தால் மருந்து கையோடு இருக்கட்டும். விட்டால் தவழ்ந்தாவது உள்ளே போய்ப் பாருங்கள். வெளியே நின்று பார்த்தால் எந்த வீடும் பாதிதான் தெரியும்.